பன்றி வேட்டையும் கைத்துப்பாக்கியும்

தஞ்சை ஜில்லா என்றதும் வெளியூர்க்காரர்களின் மனக்கண்ணில் தோன்றுவது கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் இடையே விரிந்து கிடக்கும் பச்சை வயல். அதே ஜில்லாவின் தென்கோடியில் அதிராம்பட்டினம் இருப்பதைப் பலர் நினைப்பதில்லை. அங்கே ஒரு புறம் உப்பளம். ஒரு புறம் அலையாத்திக் காடு. உள்ளே தள்ளி மணற்பாங்கான கொல்லைகளும் தென்னந்தோப்புகளும். அவற்றினிடையே, 1934-ம் வருஷத்தில் மேட்டூர் அணை முடிந்தபின் ஜனங்கள் புது ஆறு என்று அழைக்கும் கல்லணைக் கால்வாய் கொண்டுவந்த தண்ணீரை நம்பி நிற்கும் வயல்கள். கடைமடைப் பிரதேசம். தண்ணீர் அங்கே கடைசியாக வரும், முதலில் நிற்கும். இந்தக் கஷ்டங்களுடன் பயிர் செய்கிற குடியானவனுக்கு இப்போது காட்டுப்பன்றியும் ஒரு பங்காளியாக வந்து சேர்ந்திருக்கிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்து விவசாயிகளின் முறையீடுகளில் தண்ணீர், உரம், கடன் ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே பன்றியின் பெயரும் கேட்கிறது.

பன்றி செய்யும் சேதத்தை நேரில் பார்க்காதவர்களுக்கு அது வேடிக்கையான புகாராகத் தோன்றலாம். நிலக்கடலைக் கொல்லையில் காய் பிடிக்கும் தருணத்தில் ஒரு கூட்டம் ஓர் இரவு புகுந்தால், மறுநாள் காலையில் அங்கே ஏர் கட்டிக் குறுக்கும் நெடுக்குமாக உழுதது போல் இருக்கும். மூக்கினால் மண்ணைப் புரட்டிக்கொண்டே போவது அதன் சுபாவம். நெல் வயலில் அது தின்பது கொஞ்சம். மிதித்துப் புரண்டு சாய்த்துவிட்டுப் போவது அதிகம். தென்னம்பிள்ளையைக் கிளப்பித் தள்ளி அடியிலிருக்கும் தேங்காய்ப் பருப்பைத் தின்றுவிடும். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அடித்த கஜா புயலில் லட்சக்கணக்கான தென்னை மரங்கள் விழுந்த பிரதேசம் இது. விழுந்த மரத்துக்குப் பதிலாக வைத்த பிள்ளை காய்ப்பதற்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளையைப் பன்றி தோண்டிவிட்டால் காத்திருப்பதை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பழைய புடைவைகளைக் கொல்லையைச் சுற்றிக் கட்டிப் பார்க்கிறார்கள். நாவிதர் கடையிலிருந்து தலைமயிரை மூட்டையாக வாங்கிவந்து வரப்பில் தூவுகிறார்கள். மோப்பம் பிடிக்கிற பன்றியின் நாசியில் மயிர் ஏறினால் அது திரும்பிவிடும் என்பது நம்பிக்கை. தகரம் தட்டுகிறார்கள், வேட்டு வெடிக்கிறார்கள். சில நாட்களுக்குப் பலன் இருக்கிறது. பிறகு பன்றி பழகிக்கொள்கிறது. நம்முடைய விலங்குகளில் புத்தி கூர்மையானவற்றைப் பொறுக்கினால் அதற்கு முன்வரிசையில் இடம் கொடுக்க வேண்டும்.

இந்த நிலைமையில்தான், "குடியானவனுக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்துவிட்டால் என்ன? இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போவான்; பன்றி வந்தால் சுடுவான்; விவகாரம் தீர்ந்தது" என்று சொல்வோர் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜனங்கள் ரிவால்வரைக் கொண்டே பன்றி வேட்டையாடுகிறார்கள் என்பது இவர்கள் காட்டும் உதாரணம். உதாரணம் பொய்யல்ல. ஆனால் அதை அதிராம்பட்டினத்துக் கொல்லைக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் சற்று அலசிப் பார்ப்பது நல்லது.

அமெரிக்கக் கண்டத்தில் பன்றி சுதேசிப் பிராணி அல்ல. 1539-ம் வருஷத்தில் புளோரிடாவில் இறங்கிய ஸ்பானியத் தளகர்த்தர் ஹெர்னாண்டோ டி ஸோட்டோ தமது படைக்கு உணவாக ஓட்டி வந்த பன்றிகளின் சந்ததியும், பிற்காலத்தில் பண்ணைகளிலிருந்து தப்பியவையும், வேட்டைக்கென்று ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டவையும் கலந்து பெருகியதே இன்று அங்குள்ள கூட்டம். டெக்ஸாஸ் மாகாணத்தில் இது பெரும் தொல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரரின் சம்மதம் இருந்தால் பன்றி சுடுவதற்கு வேட்டை லைசென்ஸே வேண்டாம் என்று 2019-ல் அங்கே சட்டம் செய்துவிட்டார்கள். ஹெலிகாப்டரில் பறந்து சுடுவதற்கும் 2011-ல் வழி திறந்தார்கள். அந்த நாட்டில் பன்றி வெளியிலிருந்து வந்து புகுந்த சத்துரு. அதை ஒழிப்பது அரசாங்கத்தின் கொள்கை.

அங்கே கைத்துப்பாக்கி வேட்டை என்பது தேவையினால் பிறந்ததன்று. வேண்டுமென்றே கடினமாக்கிக்கொண்ட ஒரு வினோதம். ரைபிளால் இருநூறு கெஜத்தில் சுட முடிகிற மிருகத்தை, ஐம்பது கெஜத்துக்குள் ஓசைப்படாமல் நெருங்கிக் கைத்துப்பாக்கியால் சுடுவதில் ஒரு பெருமை. வேட்டை நாய்கள் பன்றியைப் புதரில் மடக்கி நிறுத்திவிட்ட பிறகு, நீண்ட துப்பாக்கியைத் திருப்ப இடமில்லாத நெருக்கத்தில், குட்டையான ஆயுதம் சௌகரியமாக இருக்கிறது என்பது மற்றொரு காரணம். இதற்கென்று அவர்கள் எடுத்துச் செல்வது சட்டைப் பைக்குள் ஒளியும் பிஸ்டல் அல்ல. எல்மர் கீத் என்ற வேட்டைக்காரர் பல வருஷங்கள் வற்புறுத்தியதன் பேரில் 1955-ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன், ரெமிங்டன் கம்பெனிகள் வெளியிட்ட .44 மாக்னம் ரிவால்வரும், அதற்கு நிகரானவையுமே அந்த வேட்டையின் ஆயுதங்கள். அதன் குண்டு 240 கிரெய்ன் எடை. குழாயை விட்டுப் புறப்படும்போது அதன் சக்தி 1000 ஜூலுக்கு மேல்.

நம் நாட்டில் லைசென்ஸ் பெற்ற சாதாரணப் பிரஜைக்குக் கிடைக்கக் கூடிய கைத்துப்பாக்கி என்ன? 9 மில்லி மீட்டர், .38, .45 போன்ற அளவுகள் தடுக்கப்பட்ட ரகம். மிஞ்சுவதில் பெரும்பாலும் .32. சர்க்கார் தொழிற்சாலைகள் பிரஜைகளுக்கென்று செய்கிற ரிவால்வரும் பிஸ்டலும் பெரும்பாலும் இந்த அளவுதான். கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை 2014-ல் பெண்களின் தற்காப்புக்கென்று "நிர்பீக்" என்ற ரிவால்வரை வெளியிட்டபோது அதன் விலை சுமார் 1,22,000 ரூபாய். அதுவும் .32 தான். இந்த ரிவால்வரில் போடும் தோட்டாவின் குண்டு 98 கிரெய்ன். சக்தி ஏறக்குறைய 150 ஜூல். அதாவது, அமெரிக்கன் கொண்டுபோகும் ரிவால்வரின் பலத்தில் ஏழில் ஒரு பங்கு கூட இல்லை. ஒற்றைக் குண்டு போட்டுச் சுடும் 12 போர் துப்பாக்கியின் சக்தி சுமார் 3000 ஜூல் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஜெர்மனியின் வேட்டைச் சட்டத்தில் இது பற்றி ஒரு விதி இருக்கிறது. அந்த நாட்டார் வேட்டை விஷயத்தில் மிகவும் கறாரானவர்கள். மிருகத்தை வேட்டையாடுவதற்குப் பிஸ்டலையோ ரிவால்வரையோ உபயோகிக்கக் கூடாது. முன்பே அடிபட்டுக் கிடக்கும் மிருகத்தின் வேதனையை முடிப்பதற்கு உபயோகிக்கலாம். அதற்கும் குண்டின் சக்தி 200 ஜூலுக்குக் குறையக் கூடாது என்பது அந்த விதி. நம்முடைய .32 ரிவால்வர், குற்றுயிராய்க் கிடக்கும் பன்றியைக் கொல்வதற்குக்கூட அங்கே லாயக்கற்றது! உயிரும் கோபமுமாக எதிரே நிற்கும் பன்றிக்கு அதை நீட்டலாம் என்று யோசனை சொல்கிறவர்கள், தாங்களே ஒரு முறை முன்னால் நின்று காட்டுவது நியாயமாக இருக்கும்.

வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோளிலும் விலாவிலும் குருத்தெலும்பு போன்ற கெட்டியான ஒரு கவசம் உண்டு. ஆண் பன்றிகள் ஒன்றையொன்று கோரைப் பல்லால் குத்திக்கொள்ளும்போது உயிரைக் காப்பது அதுதான். அதன் இருதயமோ, ஆட்டையும் மானையும் பார்த்துப் பழகிய கண் எதிர்பார்ப்பதைவிடக் கீழேயும் முன்னேயும், முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கிறது. தோளுக்குச் சற்றுப் பின்னால் குறிவைக்கும் அனுபவமற்றவனுடைய குண்டு குடலில் பாயும். குடலில் அடிபட்ட பன்றி உடனே சாவதில்லை. புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். காலையில் ரத்தத் துளியைப் பார்த்துக்கொண்டே தேடிச் செல்பவனின் தொடையைக் கிழிப்பது இந்தப் பன்றிதான். அவன் தேடாமல் விட்டாலும், அந்த வழியாக விறகு பொறுக்கவோ ஆடு மேய்க்கவோ போகிற பெண்பிள்ளை அகப்பட்டுக்கொள்வாள்.

இவை எல்லாம் பகல் வெளிச்சத்தில். பன்றி கொல்லைக்கு வருவதோ இரவில். ஒரு கையில் டார்ச்சு விளக்கு, ஒரு கையில் ரிவால்வர், நெஞ்சில் படபடப்பு, காலடியில் ஈர வரப்பு. கைத்துப்பாக்கியால் குறி தவறாமல் சுடுவதற்கு நூற்றுக்கணக்கான தோட்டாக்களைச் செலவழித்துப் பழக வேண்டும். நமது லைசென்ஸில் வருஷத்துக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுக்கிற தோட்டாக்களை வைத்துக்கொண்டு யார் பழகுவது? இன்னொன்றும் உண்டு. மலைப் பிரதேசத்தில் தவறிய குண்டு மேட்டில் புதையும். தஞ்சை ஜில்லா தாம்பாளம் போல் தட்டையானது. தோப்புக்குத் தோப்பு வீடு இருக்கிறது. இடுப்பு உயரத்தில் சமமாகச் சுட்ட குண்டு எந்த வாசலில் போய் நிற்கும் என்று சுட்டவனுக்கே தெரியாது. பழங்காலத்தில் பரண் கட்டி அதன் மேலிருந்து கொல்லையைக் காத்தார்களே, அதில் பெரிய விவேகம் இருக்கிறது. பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய குண்டைப் பூமிதேவி வாங்கிக்கொள்வாள்.

பன்றியை அருகில் நெருங்கிக் கொல்வது நமக்குப் புதிய செய்தி அல்ல. திண்ணனார் தம் முதல் வேட்டையில் வலையறுத்து ஓடிய பன்றியை நெடுந்தூரம் துரத்திச் சென்று, அம்பை விட்டுவிட்டுச் சுரிகையால் குத்தி வீழ்த்தினார் என்று பெரிய புராணம் படித்தவர்கள் அறிவார்கள். அந்தத் துரத்தல்தான் அவரைக் காளத்திக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பன்றியைப் பிடிப்பதற்குக் கல்லை நிறுத்தி வைக்கும் அடார் என்ற பொறியைப் பழந்தமிழ் நூல்கள் குறிப்பிடுகின்றன. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் அவர்களுடைய ராணுவ அதிகாரிகள் குதிரை மீதேறி ஈட்டியால் பன்றி குத்தினார்கள். மீரத்துக்கு அருகே காதிர் கோப்பை என்று அதற்கு ஒரு பந்தயமே நடந்தது. பிற்காலத்தில் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் 1883-ல் அந்தக் கோப்பையை வென்றவர். அந்த வேட்டையைப் பற்றி 1889-ல் ஒரு புத்தகமும் எழுதினார். குதிரை ஓடக்கூடிய பிரதேசத்தில் பன்றியைத் துப்பாக்கியால் சுடுவது கனவான்களுக்கு அடுக்காத காரியம் என்பது அவர்கள் எண்ணம். பன்றி உழுத கொல்லையின் சொந்தக்காரன் எது அடுக்கும் என்று நினைத்தான் என்பதை அவர்கள் விசாரித்ததாகத் தெரியவில்லை. யானை அம்பாரியில் ஏறிப் போகிறவர்கள் புலி பாய்ந்தால் கடைசி நேரத்தில் சுடுவதற்கென்று பருத்த இரட்டைக் குழாய்ப் பிஸ்டலை வைத்திருந்தார்கள். இந்த நாட்டில் வேட்டையில் கைத்துப்பாக்கிக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் அவ்வளவுதான்: மற்றதெல்லாம் தவறியபோது உயிரைக் காக்கும் கடைசி ஆயுதம்.

குடியானவன் கையில் ஆயுதம் இருக்கலாமா என்பது வேட்டையைவிடப் பெரிய கேள்வி. 1878-ம் வருஷத்தில் லிட்டன் பிரபு இந்தியர்கள் லைசென்ஸின்றி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் செய்தார். வெள்ளையர்களுக்கு விலக்கு அளித்தார். அதே வருஷத்தில்தான் சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயை அடைப்பதற்கும் சட்டம் செய்தார். பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு நான்கே வருஷத்தில் ரத்து செய்தார்; ஆயுதச் சட்டமோ சுதந்திரம் வந்த பிறகும் நிலைத்து, 1959-ம் வருஷத்துச் சட்டம் அமலுக்கு வந்தபோதுதான் மறைந்தது. 1887-ல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபையிலேயே இதன் கொடுமை பேசப்பட்டது. 1931-ல் வல்லபாய் படேல் தலைமையில் கராச்சியில் நிறைவேறிய பிரஜா உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாகக் காணப்பட்டது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் அதை அடிப்படை உரிமைகளில் சேர்க்க வேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கார் ஆக்ஷேபித்தார், திருத்தம் தோற்றது. தோற்றதில் நமக்கு வருத்தமில்லை. வீட்டுக்கு வீடு ரிவால்வர் வைத்த நாடுகளில் பத்திரிகைகள் தினமும் என்ன செய்தி போடுகின்றன என்பதை வாசகர்கள் அறிவார்கள். பங்காளிச் சண்டையும் வாய்க்கால் தகராறும் உள்ள ஊரில், மடியில் மறைக்கக் கூடிய ஆயுதம் பன்றிக்காகவே காத்துக்கொண்டிருக்கும் என்று நம்புவதற்கு நாம் தயாராயில்லை.

1959-ம் வருஷத்துச் சட்டத்தை எழுதியவர்கள் பயிரை மறந்துவிடவில்லை. அதன் 13-வது பிரிவைப் படித்தால் இது விளங்கும். உண்மையாகவே பயிர்க் காவலுக்கென்று கேட்பவனுக்கு, குழாய் வாயில் மருந்தும் ரவையும் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் அளிக்க வேண்டும். அது போதாது என்று அதிகாரி கருதினால், இருபது அங்குலத்துக்குக் குறையாத குழாயுள்ள வேறு துப்பாக்கிக்கும் அளிக்கலாம் என்று அதில் கண்டிருக்கிறது. ஆக, சட்டமே நீண்ட துப்பாக்கியைத்தான் பயிருக்குக் காவலாக வகுத்தது, கைத்துப்பாக்கியை அல்ல. நமது அபிப்பிராயத்தில் அது சரியான ஏற்பாடு. ஏட்டில் இருக்கும் இந்த ஏற்பாட்டை ஒரு குடியானவன் நடைமுறையில் பெறுவதற்கு எத்தனை வாசற்படி ஏறி இறங்க வேண்டும் என்பது வேறு கதை. பெற்ற பிறகும், தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறது. பன்றிக்கு வாக்குரிமை இல்லாததால் அது தேர்தலைக் கவனிப்பதில்லை.

துப்பாக்கி கையில் இருந்தாலும் பன்றியைச் சுட உரிமை உண்டா என்றால், இல்லை. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட பிராணி. 2022-ல் செய்த திருத்தத்தின்படி அது இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. உத்தரவின்றிச் சுட்டவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மனித உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் நல்லெண்ணத்துடன் செய்தது குற்றமாகாது என்று 11-வது பிரிவில் ஒரு விலக்கு உண்டு. அதே பிரிவில், நிற்கும் பயிருக்கு அபாயமாகிவிட்ட மிருகத்தைக் கொல்வதற்கு அதிகாரி எழுத்து மூலம் உத்தரவிடலாம் என்றும் இருக்கிறது. 62-வது பிரிவில் மத்திய சர்க்கார் ஒரு பிரதேசத்தில், ஒரு கால அளவுக்கு, இதனைத் தீங்கு செய்யும் பிராணி என்று அறிவிக்கலாம். பீகாருக்கு 2015-லும் உத்தராகண்டத்துக்கு 2016-லும் அப்படி அறிவித்தார்கள். கேரளம் கேட்டது, கிடைக்கவில்லை. ஆகவே அந்த ராஜ்யம் 2022-ல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே கௌரவ வன அதிகாரி என்ற பட்டம் கொடுத்து, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு சுடச் செய்யும் அதிகாரத்தை அளித்துவிட்டது. விஷமும் வெடியும் மின்சாரமும் கூடாது. சுட்டதைப் புதைக்க வேண்டும் என்ற நிபந்தனைகளுடன்.

நமது ராஜ்யம் 2025 ஜனவரியில் ஓர் ஏற்பாடு செய்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோ மீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோ மீட்டர் வரை, பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விட வேண்டும். மூன்று கிலோ மீட்டருக்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற சிப்பந்திகள் சுடலாம். கோயமுத்தூரையும் தேனியையும் மனத்தில் வைத்துப் பார்த்தால் இது யோசித்துச் செய்த பங்கீடுதான். மலையடிவாரத்தில் புலியும் சிறுத்தையும் இருக்கின்றன. அவற்றுக்குப் பன்றி இரை. ஆகவே காட்டோரத்தில் கை வைக்கக் கூடாது என்பது நியாயமே.

அதிராம்பட்டினத்துக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் பழஞ்சூர், தாமரங்கோட்டை, மறவக்காடு, வடகாடு, துறைக்காடு, முத்துப்பேட்டை என்ற பெயர்களையுடைய காப்புக்காடுகள். 2002-ல் சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்த கோடியக்கரைச் சதுப்பு நிலத்தின் பகுதியும் ஆகும். அந்தப் பெருமையில் நமக்கும் பங்கு உண்டு. புயலடிக்கும்போது அந்தக் காட்டின் அருமையைக் கரையோர ஜனங்கள் நன்கு உணர்ந்திருக்கிறார்கள். ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காடு அல்ல. அங்கே புலி இல்லை, சிறுத்தை இல்லை. நரி இருக்கிறது, அது குட்டியைத் தூக்கலாம், தாயை நெருங்காது. அலையாத்தியின் ஓரத்திலிருந்து ஒன்று, மூன்று என்று கோடு இழுத்தால் கடலோரத்துக் கிராமங்களின் கொல்லைகள் பல சுடக்கூடாத வளையத்திலும், பிடித்து விட வேண்டிய வளையத்திலும் விழுந்துவிடும். பிடித்த பன்றியை எங்கே விடுவது? சேற்றிலும் உப்புத் தண்ணீரிலும் நிற்கும் அலையாத்திக் காட்டிலா? அது அன்றிரவே கடலைக் கொல்லைக்குத் திரும்பி வருவதற்கு வழிகாட்டி வேண்டியதில்லை.

பன்றியின் உண்மையான இருப்பிடம் அலையாத்தி அல்ல. சீமைக் கருவேலங் காடு. 1877-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விதைத்த அந்த முள்மரம் இன்று தரிசு நிலம், ஏரி உள்வாய், கால்வாய்க் கரை என்று எங்கும் மண்டிக் கிடக்கிறது. பகலெல்லாம் பன்றி படுத்திருக்க அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. மனிதன் நுழைய முடியாது, நாயும் தயங்கும். கடைமடைக்குத் தண்ணீர் வராமல் தரிசாகிற ஒவ்வோர் ஏக்கரும் பன்றிக்கு இலவச மனைக்கட்டாக மாறுகிறது. இந்த முட்காடு காப்புக்காடு அல்ல. அதை வெட்டுவதற்கு எந்த வன உயிரினச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. சுடுவதா வேண்டாமா என்ற வாதத்தில் தொண்டை வறளக் கத்துகிற நாம், வெட்டுகிற விஷயத்தில் மட்டும் மௌனம் சாதிப்பது விந்தையாக இருக்கிறது.

இதனிடையே குடியானவன் சும்மா இருப்பதில்லை. வழி அடைபட்டால் கள்ள வழியைத் தேடுகிறான். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சி வேலி போடுகிறான். பழத்துக்குள்ளோ மாவுருண்டைக்குள்ளோ நாட்டு வெடியை வைத்து "அவுட்டுக்காய்" போடுகிறான். 2020 மே மாதத்தில் கேரளத்தின் பாலக்காடு ஜில்லாவில் ஒரு சினை யானை வெடியைக் கடித்து வாய் சிதைந்து, ஆற்றில் நின்றபடியே உயிர்விட்டதை உலகமே பார்த்தது. 2023 மார்ச்சில் தர்மபுரி ஜில்லா மாரண்டஹள்ளிக்கு அருகே திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன. தாய்களை இழந்த இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றன. யானை செத்தால் செய்தியாகிறது. இருட்டில் தண்ணீர் மடை திறக்கப் போன மனிதன் பக்கத்துக் கொல்லைக் கம்பியில் கால்பட்டுச் சாகும்போது, நாலாம் பக்கத்தின் மூலையில் நாலு வரி வருகிறது. 2023-ல் தமிழ்நாட்டு சர்க்கார் மின்வேலிகளுக்கு விதிகள் செய்திருக்கிறது. சூரிய சக்தியில் விட்டு விட்டு அதிர்ச்சி கொடுக்கும் வேலி உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் அரை ஏக்கர் கடலை போட்டவன் அந்த வேலியின் விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி, கம்பியையும் கொக்கியையும் எடுக்கிறான். கூட்டாகப் பத்துப் பேர் கொல்லைக்கு ஒரு வேலி என்று கூட்டுறவுச் சங்கங்கள் முன்வந்து செய்தால் இந்தக் கொக்கி வேலைக்கு முடிவு காணலாம்.

சுடத்தான் வேண்டும் என்ற கட்டம் வந்தால் யார் சுடுவது? வனத்துறைச் சிப்பந்திகளே சுட வேண்டும் என்கிறது தமிழ்நாட்டு உத்தரவு. கோடியக்கரையையும் அலையாத்தியையும் காக்கும் சொற்பச் சிப்பந்திகளை இரவெல்லாம் கடலைக் கொல்லையில் உட்கார வைக்க முடியுமா என்பதை அவர்களே சொல்லட்டும். இந்த ஊரில் பன்றி வேட்டைக்கு இயல்பான தூண்டுதலும் கிடையாது. அதிராம்பட்டினத்தில் பெரும்பாலோர் இஸ்லாமியர். பன்றி அவர்களுக்கு மார்க்க ரீதியாக விலக்கானது. இறைச்சிக்காக யாரும் தோட்டாவைச் செலவழிக்க மாட்டார்கள். வேறு இடங்களில் கள்ளத்தனமாக இறைச்சி விற்பதற்கென்றே வேட்டையாடும் கூட்டங்கள் முளைப்பதைப் பார்க்கும்போது, இது ஒரு விதத்தில் நன்மையே. இங்கே வேட்டை என்பது பயிர்க் காவல் என்ற அளவோடு நின்றுவிடும்.

நாட்டுத் துப்பாக்கியைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு, மிருகங்களின் தடமும் பழக்கமும் அறிந்த ஒரு வகுப்பார் நம்மிடையே இருக்கிறார்கள். நரிக்குறவர், குருவிக்காரர் என்று அழைக்கப்படும் இவர்களுடைய தொழிலை 1972-ம் வருஷத்துச் சட்டம் ஒரே நாளில் குற்றமாக்கிற்று. பதிலுக்கு ஊசியும் பாசிமணியும்தான் மிஞ்சின. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா பார்லிமெண்டில் நிறைவேறியது 2022 டிசம்பரில். பட்டியலில் பெயர் ஏறினால் போதுமா? வனத்துறையின் மேற்பார்வையில், சம்பளத்துடன், எழுத்து மூலமான உத்தரவின் பேரில், பயிர்க் காவலர்களாக இவர்களில் விருப்பமுள்ளவர்களைப் பயிற்றி அமர்த்தலாம். பரண் மேலிருந்து நீண்ட துப்பாக்கியால் சுடுகிற பழைய முறை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வித்தை அல்ல. ஒரு ரிவால்வரின் விலையில் ஒரு காவலருக்குப் பல மாதச் சம்பளம் கொடுக்க முடியும் என்ற சாதாரணக் கணக்கையும் சர்க்கார் கவனிக்க வேண்டும்.

பன்றியின் கர்ப்ப காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. ஓர் ஈற்றில் நாலைந்து குட்டிகள். கமிட்டி கூடி, அறிக்கை எழுதி, அது சென்னைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிடும். ஆகவே தஞ்சை ஜில்லா கலெக்டரும் வனத்துறை அதிகாரியும் முதலில் செய்ய வேண்டியது ஓர் அளவை. அலையாத்தியின் காப்புக்காட்டு எல்லை எது, சர்க்கார் சொல்லும் ஒரு கிலோ மீட்டரும் மூன்று கிலோ மீட்டரும் எந்தெந்தக் கிராமத்தின் எந்தெந்தச் சர்வே நம்பரில் விழுகின்றன என்பதை அளந்து, பஞ்சாயத்துக் கட்டடங்களில் ஒட்ட வேண்டும். கடலோரத்துக்கு மலையடிவாரத்தின் அளவுகோல் பொருந்தாது என்றால், தனி அளவு கேட்டுச் சர்க்காருக்கு எழுத வேண்டும். கால்வாய்க் கரைக் கருவேலத்தை வெட்டும் வேலையை மழைக்கு முன் தொடங்க வேண்டும். மார்கழிப் பட்டத்துக் கடலை விதைப்பதற்குள் இவை நடந்தாக வேண்டும்.